மூன்றரைத் தொன்னைத் தாண்டாத ஞானராசா அண்ணை

செய்தி வந்தபோது நான் ஒடென்சேயில் வேலை செய்யும் முதியோர் இல்லத்தின் சமையலறையில் உருளைக்கிழங்கு வடித்துக்கொண்டிருந்தேன். ஞானராசா அண்ணையின் மனைவி றூபி அக்கா வேலை நேரத்தில் அழைக்கிறவர் அல்ல. கையைத் துடைத்துவிட்டு எடுத்தேன். "தம்பி, அண்ணை எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றார். நான் அடுப்பை அணைத்தேன். பிறகு அவரே சொன்னார். யாரோ ஒரு டேனிஷ்காரரின் படகை, தன் வாகனத்துக்குப் பின்னால் கொளுவின ரெயிலரில் ஏற்றி, துறைமுகத்துக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். வழியில் நெஞ்சு நொந்திருக்க வேண்டும். வீதியோரமாக ஒதுக்கி, எஞ்சினை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, எச்சரிக்கை விளக்கையும் போட்டுவிட்டு இருக்கையில் சாய்ந்திருக்கிறார். "வடிவா நிப்பாட்டிப்போட்டுத்தான் போயிருக்கிறார், தம்பி. பொலிஸ்காரனும் அதைத்தான் சொன்னவன்."

நாங்கள் இருக்கிற பிரெடெரிசியாத் தமிழருக்கு ஞானராசா அண்ணையை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வந்த காலத்தில் தொழிற்சாலை வேலையில் நின்றார். பிறகு லொறி லைசன்ஸ் எடுத்து லொறி ஓட்டினார். அதன் பிறகு சொந்தமாக ஒரு பிக்கப்பும் ரெயிலரும் வாங்கி, படகு, கரவன், குதிரை, குட்டி மண் தோண்டும் இயந்திரம் என்று மற்றவர்களின் பாரத்தை இழுப்பதையே தொழிலாக்கிக்கொண்டார். அவரும் றூபி அக்காவும் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சபையில் முன்னுக்கு நின்று பாட்டு நடத்தியவர் அவர்தான். நான் இங்குள்ள எங்கள் சைவக் கோயில் சபையின் செயலாளர். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் என்பது ஊரறிந்த விடயம். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. எப்படியோ இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது.

அவருடைய டேனிஷைப் பற்றி ஒரு கதை உண்டு. ஒருமுறை டேனிஷ்காரரின் தேவாலயத்தில் கோப்பி குடிக்கக் கூப்பிட்டு, தன்னைப் பற்றிச் சொல்லச் சொன்னார்களாம். இவர் எழும்பி, தான் இயேசுவின் 'அன்ஹெங்கர்' என்றாராம். பற்றாளருக்கு டேனிஷில் 'தில்ஹெங்கர்' என்று சொல்ல வேண்டும். 'அன்ஹெங்கர்' என்றால் வாகனத்துக்குப் பின்னால் கொளுவுகிற ரெயிலர். கூடியிருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். பிழையை எடுத்துச் சொன்னபோது இவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுவும் சரிதானே, முன்னுக்குப் போறவர் அவர்" என்றாராம். அதன் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை என்று றூபி அக்கா சொல்வார்.

பிக்கப் விடயத்தில் மட்டும் மனிதருக்குப் பேராசை. முதலில் வைத்திருந்தது ஒரு பழைய ஜப்பான் டீசல். ஒரு கரவனைக் கொளுவினால் ஏற்றத்தில் முனகும். அடுத்தது அதைவிடப் பெலமானது. அதற்கடுத்தது அதைவிட. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் பிறந்தநாள் விழாவிலோ சாமத்தியச் சடங்கிலோ என்னை ஒரு மூலைக்குக் கூட்டிப்போய், "தம்பி, இது எத்தினை நியூட்டன் மீட்டர் தெரியுமே?" என்று தொடங்குவார். மற்றவர்கள் கிரிக்கெட் ஓட்டம் சொல்வதுபோல இழுவைச் சக்தியைச் சொல்வார். கடைசியாக அமெரிக்காவிலிருந்து ஒன்றை இறக்குவித்தார். பின்னுக்கு நாலு சில்லு. கார் நிறுத்துமிடத்தில் இரண்டு பேருடைய இடத்தைப் பிடிக்கும். பக்கத்து வீட்டு டேனிஷ் மனிசி தினமும் யன்னலால் பார்த்துத் தலையை ஆட்டுவாளாம். அமெரிக்காவில் அதே வாகனம் பத்துத் தொன்னுக்கு மேலே இழுக்குமாம். இங்கே அவருடைய ரெயிலரின் கடதாசியில் அனுமதித்திருந்தது ரெயிலரின் நிறையோடு சேர்த்து மூன்றரைத் தொன்தான்.

எனக்கு விசர் வந்தது. "அண்ணை, வருசத்துக்கு வருசம் பெலம் கூடுது. நீங்கள் இழுக்கிறது அதே மூண்டரைதானே. பிறகேன் இந்த யானை?" என்று கேட்டேன். அவர் என் தோளில் கையைப் போட்டார். "மிச்சம் இருந்தால்தான் மூச்சு வாங்காது. மிச்சம் பாவிக்கிறதுக்கில்லை, தம்பி" என்றார். பிறகு வழக்கமாகச் சொல்வதையும் சொன்னார். "எவ்வளவு இழுக்கும் எண்டுதான் விளம்பரத்தில போடுறாங்கள். எவ்வளவுக்கு நிப்பாட்டும் எண்டு ஒருத்தனும் போடுறேல்லை."

எங்கள் கோயிலுக்குத் தேர் செய்த கதை உங்களில் சிலருக்குத் தெரியும். மரமெல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. ஸ்தபதியார் ஒருவரும் வந்து, ஒடென்சேக்கு வெளியே ஒரு டேனிஷ் விவசாயியின் களஞ்சியத்தில் வைத்துப் பொருத்தினார். அதைக் கடலுக்கு மேலான பாலம் கடந்து பிரெடெரிசியாவுக்குக் கொண்டுவர வேண்டும். ஞானராசா அண்ணையைக் கேட்போம் என்று நான் சொன்னதும் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. தேரை எஞ்சின் இழுக்கலாமா, அதுவும் வேதக்காரர் இழுக்கலாமா என்றார்கள். எங்கள் ஐயர்தான், "வெள்ளோட்டம் முடியும்வரை அது மரம்" என்று சொல்லி வாயை அடைத்தார். அந்தப் பக்கத்திலும் இதே கதைதான். ஞானராசா அண்ணை தன் போதகரிடம் போய்க் கேட்டிருக்கிறார். போதகர், "சனிக்கிழமை உம்மட தொழில், அதில நான் தலையிடேல்லை. ஞாயிற்றுக்கிழமை கர்த்தருடையது. அண்டைக்கு மட்டும் உதில கை வைச்சால் பிறகு பாட்டு நடத்த விடமாட்டன்" என்று திட்டமாகச் சொல்லிவிட்டார். இவர் சம்மதித்து, சனிக்கிழமை ஒரே ஓட்டத்தில் முடிப்பதாக எங்களுக்குச் சொன்னார். நிறை எவ்வளவு என்று கேட்டதற்கு எங்கள் பொருளாளர், "எல்லாம் மூண்டரைக்குள்ள நிக்கும் அண்ணை" என்று சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை காலை களஞ்சியத்துக்கு வந்து, தேரை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "சரியா என்ன நிறை?" என்றார். பொருளாளர் பெருமையாக, "அறுபத்தைஞ்சு அந்தர், ஸ்தபதியார் சொன்னவர். அந்தருக்கு அம்பது கிலோ பாருங்கோ, மூண்டேகால் தொன்தான் வருது" என்றார். ஊரில் நெல்லுக்கும் சீமெந்துக்கும் சொல்கிற அந்தரைக் கிலோவாக்கிய கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஞானராசா அண்ணை தன் ரெயிலரைத் தட்டினார். "அப்ப இது காத்திலயோ மிதக்குது? இதுவே முக்கால் தொன்."

பொருளாளர் விடவில்லை. "பத்துத் தொன் இழுக்குமெண்டு நீங்கள்தானே அண்ணை சொன்னனீங்கள். அரைத் தொன் கூடினால் உந்த வாகனத்துக்குத் தெரியப்போகுதே?"

"வாகனத்துக்குத் தெரியாது. ரெயிலரின்ர பிரேக்குக்குத் தெரியும்."

"சனிக்கிழமை ஆர் அண்ணை மறிச்சு நிறுக்கப்போறான்?"

"ஒருத்தரும் நிறுக்கமாட்டினம். முன்னுக்கு ஒரு பிள்ளை சைக்கிளில குறுக்க வந்தால்?"

தேரை இரண்டாகக் கழற்றுவது, ஒரே நாளில் இரண்டு ஓட்டம் ஓடுவது என்று முடிவாயிற்று. கழற்றவே மத்தியானமாகிவிட்டது. சில்லுகளையும் அடித்தட்டையும் கொண்டுபோய் இறக்கிவிட்டு அவர் திரும்பி வந்தபோது காற்று எழும்பியிருந்தது. வழியில் கடக்க வேண்டிய அந்த லில்லெபெல்ட் பாலத்தில் உயரமான பாரங்களுக்கு எச்சரிக்கை போட்டுவிட்டார்கள். மேற்பாகம் அப்படியே நின்றது. விவசாயிக்கு ஞாயிறு மத்தியானத்துக்குள் களஞ்சியம் வேண்டும். மழைக்கு முன்னம் வைக்கோல் ஏற்ற வேண்டும், அவனில் பிழையில்லை. ஞானராசா அண்ணை களஞ்சிய வாசலில் நின்று மரங்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலை எட்டு மணிக்கு முன்னம் காற்று அடங்காது என்று வானிலையில் சொல்லியிருந்தார்கள். நாளை பத்து மணிக்கு அவர் சபையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் என்ன நடக்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

"அண்ணை, நீங்கள் விடுங்கோ. வேற ஆரையும் பாப்பம்" என்றேன்.

"ஞாயிற்றுக்கிழமை ஆர் வருவான்? அரைத் தேரை வெளியில மழைக்க விட்டிட்டு என்ன செய்வீர்?" என்று கேட்டுவிட்டு, றூபி அக்காவுக்கு அழைத்தார். "நாளைக்கு நான் வரேல்லை எண்டு போதகருக்குச் சொல்லும்" என்றார். மறுமுனையில் அக்கா அழுதது எனக்கும் கேட்டது.

மறுநாள் எட்டு மணிக்குத்தான் காற்று அடங்கியது. மேற்பாகத்தை ஏற்றி, பட்டிகளை இறுக்கி, ஒவ்வொன்றையும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் புறப்பட்டோம். நான் பக்கத்து இருக்கையில் நெற்றி நிறையத் திருநீற்றோடு இருந்தேன். அந்தப் பெரிய எஞ்சின் சத்தமே காட்டவில்லை, பின்னுக்குப் பாரம் இருப்பதாகவே தெரியவில்லை. பாலத்துக்குக் கிட்ட வரும்போது மணி என்ன என்று கேட்டார். பத்தாகிறது என்றேன். அவர் பாடத் தொடங்கினார். தங்கள் சபைப் பாட்டு ஒன்று. சத்தமாக இல்லை, முணுமுணுப்பாகவும் இல்லை. ஒரு அடி பாடுவார், நிறுத்துவார். கண்ணாடியில் பின்னுக்குப் பார்ப்பார். அடுத்த அடி பாடுவார், நிறுத்துவார். பாரத்தைக் கவனிக்கத்தான் நிறுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலம் முடிந்த பிறகும் இரண்டு பாட்டுப் பாடினார்.

அடுத்த ஞாயிறு முதல் சபையில் வேறொருவர் பாட்டு நடத்தினார். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. இவர் ஒரு கிழமையும் தவறாமல் போய்க் கடைசி வரிசையில் இருந்தார். எங்களிடம் மூச்சு விடவில்லை. றூபி அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தெரிந்த அன்றே, கேட்காமல் கொள்ளாமல் போதகர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் தேநீர் தந்தார், நான் குடிக்கவில்லை. "அவர் சாமியை இழுக்கேல்லை, மரத்தை இழுத்தவர்" என்று சண்டை பிடித்தேன். போதகர் குரலை உயர்த்தவில்லை. "மரத்தில எனக்கு ஒரு வழக்குமில்லை. அண்டைக்கு அவர் ஆராதனையை விட்டிட்டுப் போனவர், அதுதான்" என்றார். இதை அறிந்து ஞானராசா அண்ணை என்னிடம், "எனக்காக ஒருத்தரோடையும் கதைக்கப் போகாதையும். போதகர் முன்னமே சொல்லிப்போட்டுத்தானே செய்தவர்" என்றார். அவ்வளவுதான். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை.

ஒவ்வொரு வருடமும் தேர்த் திருவிழாவுக்கு வருவார். உள்ளே வரமாட்டார். வீதிக்கு மறுபக்கத்தில் பிக்கப்பில் சாய்ந்துகொண்டு நிற்பார். பிரசாதம் வாங்கமாட்டார், மோர் மட்டும் வாங்கிக் குடிப்பார். "மோர் மாடு தந்தது, அதில வழக்கில்லை" என்பார். வடம் பிடிக்கிற அத்தனை சனத்தையும் விட்டுவிட்டு, சில்லுக்கு முட்டுக்கட்டை போடுகிறவனையே பார்த்துக்கொண்டு நிற்பார். "கெட்டிக்காரன்" என்று அவனுக்குத்தான் புகழ்ச்சி.

அடக்கம் பிரெடெரிசியாவில் நடந்தது. கோயில் சபையிலிருந்து நாங்கள் எல்லோரும் போனோம். படகுக்காரர்கள், குதிரைக்காரர்கள் என்று அவர் பாரம் இழுத்த டேனிஷ்காரர்களும் வந்திருந்தார்கள். பொருளாளர் கடைசி இருக்கையில் இருந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அவருடைய சபையார் பாட்டுப் பாட எழும்பினார்கள். முதல் அடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. பாலத்தில் அவர் பாடிய பாட்டு அது. நடத்துகிறவர் ஒரு அடி பாடினார், நிறுத்தினார். மண்டபம் முழுவதும் அந்த அடியைத் திருப்பிப் பாடியது. அடுத்த அடி. திரும்பவும் நிறுத்தினார். திரும்பவும் எல்லோரும் பாடினார்கள். அவர் பாரத்தைப் பார்க்க நிறுத்தவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் வாய்விட்டு அழுதேன்.

வெளியே வந்தபோது போதகர் என் கையைப் பிடித்தார். அவரும் கலங்கித்தான் இருந்தார். நான் சொன்னேன். "ஐயா, அண்டைக்கு அவர் ஆராதனையை விடேல்லை. சரியாப் பத்து மணிக்குப் பாலத்தில வைச்சுப் பாட்டு நடத்தினவர். சபை நான்தான். எனக்குத் திருப்பிப் பாடத் தெரியேல்லை."

போதகர் என் கையை விடவில்லை.

அவரிடமிருந்து எனக்கு எஞ்சியிருப்பது அந்தப் பாட்டுத்தான். அதன் சொற்களை இங்கே எழுதவில்லை, அவை அந்தச் சபைக்குரியவை. றூபி அக்காவிடம் கேட்டு முழுவதையும் படித்துக்கொண்டேன். வேலைக்குப் போகும் வழியில் தினமும் அந்தப் பாலத்தைக் கடக்கிறேன். முதல் அடியை நான் பாடுவதில்லை, அது அவருடையது. அவர் நிறுத்துகிற இடம் வரைக்கும் பொறுத்திருந்து, திருநீறு பூசிய நெற்றியோடு, திருப்பிப் பாடுகிறேன்.