தாராபுரத்தில் நரிப்பயறு வென்ற மழை

காலை ஏழு மணிக்குச் சிங்காநல்லூரில் பேருந்து ஏறினேன். பல்லடம் தாண்டியதும் இருபுறமும் நிலம் காய்ந்து வெடித்திருந்தது. புரட்டாசி வெயில். தாராபுரத்தில் இறங்கி, உழாமலே எலுமிச்சை வளர்க்கிறார் என்று நான் கேள்விப்பட்டிருந்த செல்வியின் தோப்புக்கு ஆட்டோ கேட்டேன்.

"அந்தப் பொதர்க்காட்டுக்குங்களா?" என்று ஓட்டுநர் சிரித்தார்.

பத்து மணிக்குத் தோப்பில் இருந்தேன். அவர்கள் அப்பா பிரித்துக் கொடுத்த நிலத்தில் அண்ணன் பழனிசாமியும் தங்கை செல்வியும் அடுத்தடுத்து எலுமிச்சை வைத்திருக்கிறார்கள். அண்ணனின் தோப்பு ஒரு புல்கூட இல்லாமல், கூட்டிவிட்ட வாசல் போலக் கிடந்தது. செல்வியின் மரங்களுக்கு நடுவே தரையே தெரியாமல் நரிப்பயறு படர்ந்து, மஞ்சளாகப் பூத்திருந்தது. அந்த மண்ணில் தானாகவே முளைக்கிற பயறுதான். வரப்போரம் பொறுக்கிய விதையைத் தூவிப் பெருக்கியிருக்கிறார். அடிமரத்தைச் சுற்றி மட்டும் கொடியை ஒதுக்கிவிட்டிருந்தார்.

"காட்டையே கெடுத்துப்போட்டேன்னு போன வருசம் அண்ணன் உழுதுபோடறதுக்கு டிராக்டரோட வந்துட்டாருங்க. நான் குறுக்கால நின்னுபோட்டேன். அன்னைக்கிருந்து பேச்சில்லீங்க" என்றார் செல்வி.

மூன்று மணிக்கு வானம் இருண்டது. பிறகு பெய்தது சாதாரண மழையல்ல. தோப்பிலிருந்த சாளைக் குடிசையில் ஒதுங்கி நின்று பார்த்தோம். அண்ணனின் தோப்பிலிருந்து செந்தண்ணீர் மண்ணை வாரிக்கொண்டு வாய்க்காலுக்கு ஓடியது. இந்தப் பக்கமிருந்து வழிந்து ஓடிய தண்ணீர் என்று எதுவும் இல்லை.

மழை விடுவதற்குள் பழனிசாமி நனைந்தபடி வரப்பைத் தாண்டி வந்தார். யாரையும் பார்க்கவில்லை. குனிந்து, கொடியை விலக்கி, மண்ணுக்குள் கையை விட்டார். மணிக்கட்டு வரை இறங்கியது. அள்ளிய மண்ணில் மண்புழு நெளிந்தது.

"ஒரு சொட்டு வெளிய போகுலியே அம்மணி!"

செல்வி அவர் அருகே வந்தார். "போகாதுங்கண்ணா."

"வெதை இருக்குதா?"

"ரெண்டு தோப்புக்குஞ் சேத்தித்தான் எடுத்து வெச்சிருக்கறனுங்ணா."

பழனிசாமி முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்தார். அது மழைத் தண்ணீர் மட்டுமல்ல என்று எனக்குத் தோன்றியது.

மாலையில் அவரே என்னை வண்டியில் பேருந்து நிலையத்துக்கு அழைத்து வந்தார். எங்கள் கோவை வீட்டில் வாசலுக்குச் சிமெண்ட் பூசி, பெய்கிற மழையையெல்லாம் சாக்கடைக்கு அனுப்பிவிட்டுத் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதை அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லியிருந்தாலும் அவர் கேட்டிருக்க மாட்டார். நிலையத்து டீக்கடையில் வண்டியை நிறுத்தி, அங்கிருந்தவர்களிடம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்:

"என்ற தங்கச்சி தோப்ப வந்து பாருங்கப்பா!"