டீசலைக் கூட்டச் சொன்ன மைத்துனர்

கவனக்குறைபாட்டுக்காக டாக்டர் எனக்குக் காலையில் ஒரு மாத்திரை எழுதியிருந்தார். சில மாதங்களில் அது முன்போல் வேலை செய்யவில்லை என்று தோன்றியது. டாக்டரிடம் போகாமல், நான் மீன்பிடிக்கப் போகும் விசைப்படகை ஓட்டும் மைத்துனரிடம் சொன்னேன். அவர்தான் எங்கள் ஊர் தங்கச்சிமடத்துக்கே வைத்தியராயிற்றே!

"எஞ்சின் இழுக்கலன்னா டீசலைக் கூட்டணும் மச்சான். சாயங்காலம் இன்னொண்ணு போடுங்க."

போட்டேன், மூளையில்லாமல். மூன்று நாள் பொட்டுத் தூக்கமில்லை. நான்காம் நாள் கடலில், வலை இழுக்கும் விஞ்ச் பக்கத்தில் நின்றபடியே கண் சொருகிவிட்டது. கயிறு சட்டைக்கையைக் கிழித்துக்கொண்டு போனது, கை தப்பியது.

டாக்டர் திட்டினார்: "ஒருநாள் விட்டு ஒருநாள் ராத்திரி முழுக்கக் கடல்ல முழிச்சிருக்கீங்க. தூக்கம் குறைஞ்சதை மருந்து குறைஞ்சதா நினைச்சிட்டீங்க."

இப்போது காலையில் ஒன்றுதான். கரையிலிருக்கும் நாளில் தூங்கிவிடுகிறேன். மைத்துனரோ பக்கத்து வீட்டுக்காரரின் சர்க்கரை மாத்திரையைக் கூட்டச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரரும் என்னைப் போலவே தலையாட்டுகிறார்.