இடது பக்கம் வைத்த பை

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. இருபது வருஷமாக அடுத்தவங்க தைத்ததைத் திருப்பிப் பார்த்துக் குறை சொல்வதற்குத்தான் சம்பளம். நூல் விட்டிருந்தாலோ மடிப்பு பிரிந்திருந்தாலோ பேனாவால் ஒரு வட்டம் போட்டு, ரிஜெக்ட் என்று இடது பக்கம் தள்ளிவிடணும். என் கண்ணுக்கு ஒன்றும் தப்பாது என்று சூப்பர்வைசரே சொல்வார். அந்தக் கண்ணுல கொள்ளி வைக்க!

டிசம்பரில் கடைசி ஷிப்மெண்ட் போய்விட்டால் எங்களுக்கு நாலு நாள் லீவு. பெங்களூரில் வேலை செய்யும் என் ஒரே பெண் கிறிஸ்மஸ் அன்று காலையில் வருவாள், சர்ச்சுக்குப் போவாள், பிரியாணி தின்பாள், சாயங்கால ரயிலுக்குக் கிளம்பிவிடுவாள். "இங்க இருந்து இன்னாம்மா பண்றது?" என்பாள். அவள் அந்த நாலு நாளும் வீட்டில் இருக்கணும். வேற ஒன்றும் நான் கேட்கவில்லை.

அதுக்காகப் போன வருஷம் நானே ஒரு புதுப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்தேன். கம்பெனியில் பேர் எழுதிச் சீட்டு குலுக்கி, வந்த ஆளுக்கு ரகசியமாக கிஃப்ட் கொடுப்போம். இனிமேல் வருஷா வருஷம் வீட்டிலும் அப்படிச் செய்யலாம், ஆனால் அவங்கவங்க கையால் செய்ததாக இருக்கணும் என்றேன். ஜூன் மாசம் அவள் வந்தபோது நான், என் வீட்டுக்காரர், அவள் மூணு பேரும் சீட்டு எடுத்தோம். டிசம்பரில் நாலு நாள் லீவு போட்டே வந்தாள்.

கிறிஸ்மஸ் அன்று மத்தியானச் சாப்பாடு முடிந்து கிஃப்டுகளைப் பிரித்தோம். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் மகளுக்காகக் கடலை மிட்டாய் செய்திருந்தார். கடித்துவிட்டு, "பல்லு போச்சுப்பா!" என்று அவள் கத்தியதில் எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் அவருக்குத் தைத்த சட்டையில் காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. மனுஷன் அன்று முழுக்க அதைக் கழற்றவே இல்லை.

எனக்கு அவள் கொடுத்தது ஒரு தோல் பை. ஆறு மாசம் ஞாயிற்றுக்கிழமை கிளாசுக்குப் போய்த் தைத்திருக்கிறாள். "ஊருக்கெல்லாம் பாத்துப் பாத்து அனுப்புற. உனக்குன்னு ஒண்ணு இல்லியேம்மா" என்றாள்.

வாங்கினேன். புரட்டினேன். உள்பக்கத்தை வெளியே இழுத்தேன். அடுத்த வருஷச் சீட்டு எழுத வைத்திருந்த பேனாவை எடுத்து மூணு இடத்தில் வட்டம் போட்டேன். "கைப்பிடிகிட்ட நூல் விட்ருக்கு. மடிப்பு ஏத்த எறக்கமா இருக்கு. இது பாஸ் ஆவாது" என்று சொல்லி இடது பக்கம் வைத்தேன்.

விளையாட்டுக்குச் செய்தேன் என்று அப்புறம் சொல்லிப் பார்த்தேன். பொய். கை அதுவாகப் போனது, வாயும் கூடவே போனது.

அவள் ஈரத் துணியால் துடைத்தாள். தோலில் ஏறின மை போகுமா? இன்னும் பரவியது. "ஏம்மே, உனக்கு அறிவிருக்கா?" என்று அவர் என்னைத் திட்டினார். அவள் திட்டவில்லை. "எனக்குத் தல பின்றப்பவும் இப்படித்தாம்மா. கோணலைத்தான் மொதல்ல பாப்ப" என்று சொல்லிவிட்டுப் பையைத் தன் பெட்டியில் போட்டுக்கொண்டாள். மூணு நாள் லீவு பாக்கி இருக்க, அன்று சாயங்காலமே போய்விட்டாள்.

இந்த வருஷம் பழையபடி கிறிஸ்மஸ் காலையில் வந்தாள். கடையில் வாங்கின ஹேண்ட்பேக்கை நீட்டி, "பில்லு உள்ள இருக்கு. புடிக்கலன்னா மாத்திக்கோ" என்றாள்.

நான் அதைப் புரட்டவில்லை, ஜிப்பைக்கூடத் திறக்கவில்லை. "ரொம்ப நல்லாருக்குடி" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "போன வருஷம் இந்த ஒரு வார்த்தைக்குத்தாம்மா ஆறு மாசம் தச்சேன்" என்றாள்.