சேலை மாறிய கணக்கு டீச்சர்

மே மாதம் பிறந்தால் போதும், தனியார் பள்ளி டீச்சர்கள் எங்கள் ஊருக்குப் பிள்ளை பிடிக்க வந்துவிடுவார்கள். போன வருடம் அப்படி ஒருவர் வந்தார். சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பிய புழுதி அவருடைய சீருடைச் சேலையெல்லாம் படிந்திருந்தது. வந்ததும் என் மகளிடம், "பாப்பா, ஏழெட்டு எவ்வளவு?" என்றார். அவள் சரியாகச் சொன்னதும் முகம் மலர்ந்தது. பிறகுதான் வந்த வேலை ஞாபகம் வந்தவர்போல நோட்டீஸை நீட்டினார்.

இந்த மே மாதமும் அவரே வந்தார், அதே ஏழெட்டோடு. ஆனால் சேலை வேறு நிறம், நோட்டீஸில் வேறு பள்ளி.

"போன வருஷம் அந்த ஸ்கூல்தான் ஒசத்தின்னீங்களே டீச்சர்? ரெண்டுல எதுங்க நல்ல ஸ்கூலு?" என்றேன்.

தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்: "அங்கயும் நாந்தாங்க கணக்கு எடுத்தேன், இங்கயும் நாந்தான். என்னத்தச் சொல்ல? புள்ளைங்களச் சேத்துவுடலன்னு அங்க நிறுத்திட்டாங்க."

அந்தப் பதிலுக்காகவே மகளை அவருடைய பள்ளியில் சேர்த்தேன். பள்ளி திறந்த அன்று அவரைக் காணவில்லை. ஆபீஸில் விசாரித்தேன். அவர் சேர்த்துவிட்ட பிள்ளைகள் போதவில்லை என்று இங்கேயும் நிறுத்திவிட்டார்களாம்.

போதாமல் போன அந்தப் பிள்ளைகளில் என் மகளும் ஒருத்தி.