பிரேக் அக்காவும் எட்டு நாள் மலையும்

என் மனைவியின் அக்காவுக்கு ஊர் வைத்த பெயர் பிரேக் அக்கா. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். கற்றுக்கொள்கிறவன் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் அக்காவின் காலடியில் இன்னொரு பிரேக். ஊரில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் அந்த இரண்டாவது பிரேக்கால் உயிர் பிழைத்தவர்கள். மீதிப்பேர் மாமனார் வண்டியில் ஓட்டிப் பழகியவர்கள். சாலையில் பார்த்தாலே அடையாளம் தெரியும்.

நான் அவரிடம் கற்றுக்கொண்டும் மூன்று முறை தேர்வில் தோற்றவன். வீட்டில் "வாங்க மாப்ளே, உக்காருங்க மாப்ளே" என்று தாங்குவார். ஸ்டியரிங்கைத் தொட்டுவிட்டேனோ, மாப்பிள்ளை மரியாதை கதவுக்கு வெளியே நின்றுவிடும். "யோவ், அது கியர் இல்லய்யா, ஹேண்ட் பிரேக்!" நடுநடுவே ஒரு கேள்வி வேறு: "காலையில என்ன சாப்பிட்டே?" யார் ஓட்டினாலும் இதைக் கேட்பார். நாற்சந்தியில் லாரி குறுக்கே வரும்போதும் கேட்பார். ஊரார் வீட்டு அடுப்படியில் இவருக்கு அப்படி என்ன அக்கறை என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம்.

டேஷ்போர்டில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். "நான் பிரேக் போட்டால் ஏன் என்று கேட்காதே." ஒருமுறை குப்பை லாரிக்கு ஒரு முழம் முன்னால் வண்டியை நிறுத்தினார். மூக்கைத் தடவிக்கொண்டே "ஏங்க்கா?" என்றேன். "நிறுத்தலேன்னா குப்பைக்குள்ள உக்காந்து நீயே யோசிச்சிருப்பே" என்றார்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "ஒருத்தன் ஓட்ட, நான் பக்கத்துல பயந்துகிட்டே உக்காரணும். அதைத்தான் தினமும் காசு வாங்கிட்டுப் பண்றேனே" என்பார்.

இப்படிப்பட்டவர் ஐம்பத்து நான்காம் வயதில் ஆப்பிரிக்காவில் இருக்கும் ஒரு பெரிய மலையில் ஏறப்போகிறேன் என்றார். டயர் கடைக்காரர் கொடுத்த காலண்டரில் இருந்த மலை அது. வெயில் காயும் காட்டுக்கு மேலே தலையில் பனி. வருடம் முடிந்து காலண்டர் செல்லாக்காசான பிறகும் பயிற்சிப் பள்ளி அறையில் அந்தப் படம் மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது. ஆணியை மறைக்கத்தான் வைத்திருக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.

"மாடிப்படி ஏறவே லிஃப்ட் தேடுவியேக்கா" என்றாள் என் மனைவி. மறுநாளே அக்கா பல மாடிக் கார் நிறுத்துமிடத்துக்குப் போனார். மேட்டில் வண்டியை நிறுத்தி எடுக்கச் சொல்லிக்கொடுக்கும் அதே சரிவுப் பாதையில், தேய்ந்துபோன பிரேக் கட்டைகளை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு ஏறி இறங்கினார். அதைப் பார்த்த மாணவர்களின் கார்கள் பின்னோக்கி உருண்டன.

அந்த மலையில் வழிகாட்டி இல்லாமல் ஏற விடமாட்டார்கள். பலரிடம் விசாரித்து ஒருவரைப் பிடித்தோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் பயிற்சிப் பள்ளி அறையில் வீடியோ அழைப்பு. அக்காவின் ஆங்கிலம் கிளட்ச், கியர் என்று வண்டிக்குள்ளேயே சுற்றும் என்பதால் மொழிபெயர்ப்பு என் பொறுப்பு. வழிகாட்டி தகரக்கூரைக்கு அடியில் உட்கார்ந்திருப்பார். பின்னால் ஒரு சேவல் எங்கள் எல்லோரையும்விட அதிகம் பேசும். எடுத்த எடுப்பில் அவர் கேட்பது ஒன்றுதான்: "காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"இவன் மலைக்குக் கூட்டிட்டுப் போறவனா, பந்திக்குக் கூட்டிட்டுப் போறவனா?" என்றார் அக்கா. அக்கா நலம் விசாரிக்கிறார் என்று நான் மொழிபெயர்த்தேன்.

பார்க்கிங் சொல்லிக்கொடுக்கும் பொம்மைக் கார்களை வைத்துத் திட்டம் போட்டோம். அடுக்கிய ஃபைல்கள்தான் மலை. சிவப்புக் கார் அக்கா, நீலக் கார் வழிகாட்டி, மூட்டை தூக்குபவர்களுக்கு லாரிகள். நடமாடும் கழிப்பறைக் கூடாரத்தைச் சுமக்கவென்றே ஓர் ஆள் வருவாராம். "மேல போனதும் முதல் கும்பிடு அவருக்குத்தான்" என்றார் அக்கா.

வழிகாட்டி எட்டு நாள் கேட்டார். அக்கா ஐந்தில் முடிக்கச் சொன்னார். "எட்டு நாளா? மலை ஏறப் போறோமா, குடித்தனம் பண்ணப் போறோமா?" மேலே காற்று குறைவு, பகலில் உயரம் ஏறிவிட்டு இரவில் இறங்கி வந்து தூங்க வேண்டும், உடம்பு பழக நாள் பிடிக்கும் என்றார் வழிகாட்டி. சிவப்புக் கார் ஃபைல்களின் மேல் முனகிக்கொண்டே ஏறி இறங்கியது. கடைசியில் எட்டு நாள் என்றே முடிவானது.

அப்புறம்தான் வழிகாட்டி தன் ஒரே நிபந்தனையைச் சொன்னார். "எந்த இடத்துல வேணும்னாலும் நான் திரும்புன்னு சொல்லுவேன். உச்சி கண்ணுக்கு எதிர்ல இருந்தாலும் சொல்லுவேன். ஏன்னு கேக்காம திரும்பணும். இதுக்குச் சம்மதம்னு உங்க வாயால சொன்னாத்தான் கூட்டிட்டுப் போவேன்."

எத்தனுக்கு எத்தன் வையகத்தில் உண்டு! நான் வாயெல்லாம் பல்லாக மொழிபெயர்த்தேன். மூக்கு இடிபட்ட கடன் தீர்ந்தது என்று மனம் குளிர்ந்துபோனேன். அக்கா சிரிக்கவில்லை.

"மாப்ளே, நம்ம கார் எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கும்? ஒரு ஊருக்காவது போய்ச் சேந்திருக்கா? கெளம்புன எடத்துலயே வந்து நிக்குது. முப்பது வருஷமா மத்தவங்க திருப்புன பக்கமெல்லாம் போயிட்டேன். இந்த ஒரு தடவை நான் போறேன். இதுலயும் ஒருத்தன் பக்கத்துல இருந்து பிரேக் போடுவானா? முடியாதுன்னு சொல்லுங்க."

இதை எப்படி நயமாக மொழிபெயர்ப்பது என்று தெரியவில்லை. முடியாதாம் என்று மட்டும் சொன்னேன். வழிகாட்டி கோபப்படவில்லை. அப்படியானால் வேறு ஆளைப் பாருங்கள் என்று வணக்கம் சொல்லி வைத்துவிட்டார்.

வேறு ஆளும் கிடைத்தார். தேனொழுகப் பேசினார். ஐந்து நாளா, சரி. நிபந்தனையா, ஒன்றும் இல்லை. அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொன்னார்: இதுவரை எத்தனை பேரைப் பாதியில் திருப்பி அனுப்பியிருக்கிறார்? ஒருவரைக்கூட இல்லை என்று அவர் மார்தட்டினார். அக்கா ஃபோனைப் பிடுங்கி அணைத்தார்.

"ஒருத்தனைக்கூட ஃபெயில் ஆக்காத டிரைவிங் ஸ்கூலை நான் பாத்ததில்லையா? பள்ளம் பள்ளமா அவன் ஸ்டூடண்ட்ஸ்தான் கவுந்து கெடக்குறாங்க. அந்தப் பழைய ஆளையே கூப்பிடுங்க. நாலு வார்த்தை கேக்கணும்."

கூப்பிட்டேன். சேவல் கூவியது. "காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்றார் வழிகாட்டி.

"முதல்ல அதைக் கேளுங்க மாப்ளே. நான் என்ன தின்னா இவனுக்கு என்னவாம்?"

கேட்டேன். மேலே காற்று குறையக் குறைய முதலில் மந்தமாவது மூளைதான், ஆனால் அந்த ஆளுக்கே அது தெரியாது, நன்றாக இருக்கிறேன் என்று சத்தியம் செய்வார் என்றார் அவர். அதனால் நடக்கும்போது இப்படி ஏதாவது ஒன்றைக் கேட்டுக்கொண்டே வருவாராம். பதில் தாமதமானாலோ உளறலாக வந்தாலோ உடனே கீழே இறக்கிவிடுவாராம். "கீழ இருக்கும்போது உங்க பதில் எவ்வளவு வேகமா வருதுன்னு தெரிஞ்சாத்தானே, மேல வித்தியாசம் தெரியும்? அதான் இப்பவே கேட்டுப் பழகிக்கிறேன்."

நான் சொல்லி முடித்தேன். அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வழவழன்னு பேசிட்டு வர்றவன் திடீர்னு பதில் சொல்லலேன்னா, பயத்துல கால் கட்டையாயிடுச்சுன்னு அர்த்தம்" என்றார் மெதுவாக. "அப்பத்தான் நான் பிரேக்ல கால வைப்பேன். நானும் இதையேதான் கேப்பேன் மாப்ளே."

இத்தனை நாள் நாங்கள் எதற்குச் சிரித்தோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. குப்பை லாரிக்கு முன்னால் நான் எப்போது வாயடைத்துப்போனேன் என்று யோசித்துப் பார்த்தேன்.

"சம்மதம்னு சொல்லுங்க" என்றார் அக்கா. "பல்லைக் காட்டாம சொல்லுங்க."

வழிகாட்டி ஒப்புக்கொள்ளவில்லை. அக்கா வாயாலேயே வர வேண்டுமாம். வண்டிச் சொற்களைத் தவிர்த்துத் தனக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலச் சொல்லை அக்கா சொன்னார். "எஸ்."

புறப்படும் நாளில் விமான நிலையத்துக்குப் பயிற்சிக் காரில்தான் போனோம். நான்காம் முறையில் தேறிய லைசென்ஸோடு நான் ஓட்டினேன். அக்கா என் பக்கத்தில் உட்காரவில்லை. அந்த இருக்கையில் என் மனைவியைத் திணித்துவிட்டு, மூட்டையோடு பின்சீட்டுக்குப் போய்விட்டார். பிரேக் இல்லாத இடத்தில் உட்கார்ந்து பழக வேண்டுமாம். தன் காலடியில் இருந்த பிரேக்குக்குப் பயந்து என் மனைவி சம்மணம் போட்டுக்கொண்டாள்.

பாதித் தூரம் வரை அக்கா என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். மேம்பாலம் இறங்கியதும் சத்தத்தைக் காணோம்.

"காலையில என்னக்கா சாப்பிட்டீங்க?" என்றேன்.

பதில் இல்லை. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன்.

"ஏங்க நிறுத்துறீங்க?" என்றாள் என் மனைவி.

"ஏன்னு கேக்காதே."

கண்ணாடியில் அக்காவின் முகம் தெரிந்தது. "பயமா இருக்கு மாப்ளே" என்றார். "கிட்டப் போயி, உச்சி தெரியறப்ப, அவன் திருப்பிட்டான்னா?"

"திரும்பி வாங்க. இதே கார்ல வந்து கூட்டிட்டுப் போறேன். அந்த மலைக்கு என்ன, காலண்டர்லயே எத்தனை வருஷம் காத்திருந்துது."

அக்கா மூக்கை உறிஞ்சினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு ரொட்டி, ஒரு முட்டை" என்றார். "வண்டிய எடுங்க மாப்ளே."