தளவாய் ஆசாரியும் ஆடுகிற ஸ்டீரிங்கும்

தென்காசியில் தளவாய் ஆசாரிக்கு வயிறு எரியாமல் இருக்க வேண்டுமென்றால் அவர் ரயிலடிப் பக்கம் போகாமல் இருக்க வேண்டும். அங்கேதான் அகமது கபீர் கொட்டகை போட்டிருந்தான். கொழும்பில் ஏழு வருஷம் மோட்டார் வேலை பார்த்துவிட்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் ஊர் திரும்பியவன். வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் கார் வைத்திருக்கிறவன் வாயிலெல்லாம் அவன் பெயர்தான்.

தளவாய் பிறவியில் வண்டி ஆசாரி. மாட்டு வண்டிக்கு ஆரக்கால் அடித்த கை. குற்றாலம் சீசனுக்குக் கார்கள் வர ஆரம்பித்ததும், பார்த்துப் பார்த்தே மெக்கானிக் ஆகிவிட்டார். அந்தப் பெருமை முழுக்க ஒரே வண்டியை நம்பி நின்றது. இலத்தூர் கோமதியம்மாளின் பழைய கார். வயலும் தோப்புமாக வாழ்கிற அந்த அம்மாள், "தளவாய் தொட்டாத்தான் என் வண்டி சொன்னபடி கேக்கும்" என்று நாலு பேர் நடுவே சொல்லியிருக்கிறாள். ஒன்பது வருஷமாக அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டுதான் மனுஷர் தெருவில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

வண்டிக்கு இருந்ததும் ஒரே ஒரு நோய்தான். ஸ்டீரிங் தண்டு ஆடும். ஆனியில் சாரல் விழுந்து அம்மாள் அருவிக்குக் குளிக்கப் புறப்படுமுன் தளவாய் அதை இறுக்கிக் கொடுப்பார். பங்குனி வந்தால் மறுபடி கடகடவென்று ஆடும். "இந்த வெயிலுக்கு மனுசனே ஆடுதான், வண்டி ஆடாதா?" என்பார். அம்மாளும் சரி என்று விட்டுவிடுவாள்.

இந்தப் பங்குனியில் அம்மாளுக்குத் திருநெல்வேலிக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தது. தளவாயோ சுரண்டையில் ஒரு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தார். டிரைவர் சுடலையாண்டி வண்டியைக் கபீரிடம் கொண்டுபோய் விட்டுவிட்டான். திரும்பி வந்து கேள்விப்பட்ட தளவாய்க்குச் சோறு இறங்கவில்லை. கபீர் கையில் அது சரியாகக் கூடாது என்று கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டே ரயிலடிக்கு நடந்தார்.

"வாங்க அண்ணாச்சி," என்றான் கபீர், காருக்குள் மல்லாந்து படுத்தபடியே. தண்டைச் சுற்றிப் பிடித்திருந்த இரும்புப் பட்டையை அப்போதுதான் கழற்றினான். உள்ளேயிருந்து காய்ந்து சுருங்கிய தோல் துண்டு ஒன்று விழுந்தது.

அது தளவாய் வைத்த தோல். மாட்டு வண்டியில் எதையாவது இறுக்க வேண்டுமென்றால் ஈரத்தோலை மேலே சுற்றிக் கட்டுவார்கள். காயக் காயத் தோல் கவ்விப் பிடிக்கும். அதே நினைப்பில் இவர் வருஷா வருஷம் தோலை நனைத்துப் பட்டைக்கும் தண்டுக்கும் நடுவில் திணித்திருந்தார். மேலே சுற்றிய தோல் காய்ந்தால் இறுகும். நடுவில் திணித்த தோல் காய்ந்தால் மெலிந்து இடைவெளி விடும், அவ்வளவுதான். ஒன்பது வருஷமாகப் புத்தியில் ஏறாத இந்தச் சின்ன விஷயம், அது தரையில் கிடந்ததைப் பார்த்த அந்த நிமிஷம் ஏறிவிட்டது. அது யார் வேலை என்று கபீருக்கும் புரிந்துவிட்டது. அவன் ஒருமுறை தளவாயை ஏறிட்டுப் பார்த்தான்.

"இது என்ன பாய், தோலு? யாரு வச்சது?" என்றான் சுடலையாண்டி.

தளவாய் பதறிப்போனார். இது அம்மாள் காதுக்குப் போனால் இத்தனை வருஷப் பேரும் போச்சு.

"பழைய வண்டில்லா, கம்பெனிக்காரனே வச்சிருப்பான். அண்ணாச்சி பாத்துக்கிட்டதாலதான் இம்புட்டு நாள் ஓடிருக்கு," என்று சொல்லித் தோலை எடுத்து, கொட்டகை மூலையில் எரிந்த பட்டறை உலையில் போட்டான் கபீர்.

அவன் ஏசியிருந்தால் தளவாய் பிழைத்திருப்பார். வேலையும் தெரிந்து, மனசும் நல்லதாக ஒருத்தன் அதே ஊரில் இருந்தால் மற்றவன் எப்படிப் பிழைப்பது? நன்றி வர வேண்டிய இடத்தில் பொறாமைதான் பொங்கிக்கொண்டு வந்தது.

கபீர் பித்தளைத் தகட்டை அளவாக வளைத்து நடுவில் கொடுத்து, பட்டையைப் பூட்டி, போல்ட்டுகளை முடுக்கிவிட்டு வெளியே வந்தான்.

"அண்ணாச்சி, நீங்களே ஆட்டிப் பாருங்க."

தளவாய் தண்டை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினார். இம்மிகூட அசையவில்லை.

"ஆடுதா அண்ணாச்சி?"

"கொஞ்சம் ஆடுது," என்றார் தளவாய்.

சுடலையாண்டி தானும் பிடித்துப் பார்க்கக் கையை நீட்டினான். கபீர் அதைத் தட்டிவிட்டான்.

"நீ சும்மா இருலே. அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்."

சொல்லிவிட்டு, முகத்து வேர்வையைக்கூடத் துடைக்காமல் மறுபடி காருக்குள் மல்லாந்து படுத்து, இறுக்கிய போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தான்.