கச்சானுக்காக வாதாடிய பொறியியலாளர்

தவராசா அண்ணன் போய்விட்டார் என்ற செய்தியை ஓட்டமாவடியிலிருந்து றகீம் நானாதான் தொலைபேசியில் சொன்னார். "சேர் மோசம் போயிட்டாராம் தம்பி. மாரடைப்பாம்." வாழைச்சேனையில் எங்கள் ஐஸ் தொழிற்சாலையின் பராமரிப்புப் பொறியியலாளர் அவர். நான் அவருடைய உதவியாளன். றகீம் நானா கொம்பிரசர் இயக்குபவர். இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களில் பலர் அவரிடம் ஏச்சு வாங்கியிருப்பீர்கள். நானும்தான்.

மெசினின் சூட்டையும் நடுக்கத்தையும் அளந்து பழுதை முன்கூட்டியே சொல்லும் கணினியை அவர்தான் கொண்டுவந்து பூட்டினார். கச்சான் காற்று அனலாய் வீசத் தொடங்கியதும் அந்தச் சூட்டையும் பழுதென்று எண்ணி அது பகலெல்லாம் அலறியது. அலறலை நிறுத்துபவர் காரணமும் பதிய வேண்டும். றகீம் நானா 'கச்சான்' என்று பதிந்துவிட்டு நிறுத்துவார். கொழும்புத் தலைமையகத்தாருக்குக் கச்சான் என்றால் கொறிக்கிற கடலைதான். 'மெசின் அறையில் கச்சான் சாப்பிடத் தடை' என்று அறிவித்தல் வந்தது. சிரித்துச் சிரித்து எங்களுக்கு வயிறு நொந்தது.

பிறகு ஒருநாள் அலறல் உண்மையான பழுதுக்கே வந்தது. றகீம் நானா வழமைபோல நிறுத்திவிட்டார். கொம்பிரசர் இறுகி நின்றது. ஐஸ் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. அவரை வேலையிலிருந்து நீக்கத் தலைமையகம் தயாரானது.

"ஆர் பிழை எண்டு மறுகா பாப்பம். அந்த நேரம் அந்த மனிசன் எப்பிடி இருந்தவர் எண்டு முதல்ல கேளுங்க," என்று தவராசா அண்ணன் தொலைபேசியில் கத்தினார். "ஆள் இல்லாம ரெண்டு சிப்ட் சேத்து நிண்டவர். நாள் முழுக்கப் பொய் சொல்லுற மெசினை ஆர் நம்புவான்? காத்துத் தெரியாத மெசினைப் பூட்டினவன் நான். நிப்பாட்டுறதெண்டா என்னை நிப்பாட்டுங்க."

யாரையும் நிப்பாட்டவில்லை. காற்றின் சூட்டையும், இயக்குபவர் எத்தனை மணி நேரமாக நிற்கிறார் என்பதையும் கணினி கணக்கில் எடுக்கும்படி அவர் மாற்றியமைத்தார். வீண் அலறல் குறைந்தது. ஆள் பற்றாக்குறைதான் தீரவில்லை. "மெசினுக்குச் சொல்லிக் குடுத்திட்டன் தம்பி. மேலிடத்துக்குத்தான் ஏறுதில்ல," என்று மேசையில் தலையைச் சாய்த்துக்கொள்வார். வீட்டுக்குப் போங்கள் என்றால், "ஓம், வாறன், நீ போ," என்பார்.

அவருடைய கதிரையில் இப்போது என்னை இருத்தியிருக்கிறார்கள். ஒரு மனிதனைக் குற்றம் சொல்லுமுன் அவன் எப்படி இருந்தான் என்று கேட்பது, அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான். நேற்று அந்தக் கணினியைத் திறந்து பார்த்தேன். எல்லோரும் வேலையில் நின்ற நேரம் இருந்தது. தன்னை மட்டும் அவர் சேர்க்கவேயில்லை.

என் பெயரைச் சேர்த்துவிட்டேன், அண்ணன். எனக்கும் களைக்கிறது.